படத்தைத் திருத்த முன் பழுதைப் பாருங்கள்

பெரியம்மா வீட்டு அல்பங்கள், மாமி பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த தனிப் படங்கள், சுவரில் தொங்கிய கண்ணாடிச் சட்டங்கள், ஒரு கடித உறை நிறைய நெகட்டிவ்கள். இவை என் மேசைக்கு வந்து சேர்ந்தபோது எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "கொம்பியூட்டரில போட்டுப் புதுசாக்கித் தா." செய்யலாம். ஆனால் ஸ்கானரைத் திறக்க முன், படங்களை எப்படிப் பழுதாகியிருக்கின்றன என்று பார்த்துத்தான் பிரித்தேன். எந்த ஆண்டு, யாருடைய படம் என்பதெல்லாம் பிறகு. பழுதின் காரணம் தெரியாமல் கை வைத்தால், திருத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு மிஞ்சியிருப்பதையும் அழித்துவிடுவோம்.

திருகோணமலையில் படங்களுக்குப் பெரிய எதிரி ஈரக்காற்று. ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் அலுமாரிக்குள் மடித்து வைத்த சீலையே பிசுபிசுக்கும். படத்தின் மேற்பரப்பில் இருப்பது ஜெலற்றின். விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் புரதம். காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்தைத் தாண்டினால் அது நீரை இழுத்து ஊதும், மெதுமையாகும், பக்கத்தில் எது இருக்கிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். பூஞ்சணத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அது நல்ல தீன். பிறகு கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலைமை தலைகீழாகும். ஜெலற்றின் காய்ந்து சுருங்க, பழைய படங்கள் முகப்பக்கம் உள்ளே இருக்கும்படி வளையும். இப்படி ஆண்டுதோறும் ஊதியும் சுருங்கியும்தான் பல படங்களின் மேல் மயிரிழை போன்ற வெடிப்புகள் வந்திருக்கின்றன. வேலையைக் கச்சான் காலத்துக்கே ஒதுக்கினேன். பூஞ்சணம் காய்ந்து தூளாகி, மெல்லிய தூரிகையால் தட்டினாலே உதிரும் காலம் அது. வளைந்த படங்களை மட்டும் அப்போது நிமிர்த்தப் போகக்கூடாது. காய்ந்த ஜெலற்றின் வளைத்த இடத்திலேயே வெடிக்கும்.

பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு டோர்ச். டோர்ச்சைப் படத்துக்குப் பக்கவாட்டில், மேசையோடு மேசையாகச் சாய்த்துப் பிடித்தால் மேற்பரப்பின் மேடு பள்ளம் எல்லாம் தெரியும். வெடிப்பு எது, வெறும் கீறல் எது, பூஞ்சணம் மேலே படிந்திருக்கிறதா உள்ளே தின்றிருக்கிறதா என்பதை இந்தச் சாய்ந்த வெளிச்சம் சொல்லிவிடும். ஈரத்துணியும் வாசனைத் திரவியம் கலந்த துடைப்பான் தாள்களும் மேசைக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது.

அடுத்தது, தாள் எது என்று அறிவது. 1950கள், 60களின் கறுப்பு வெள்ளைப் படங்களில் கடதாசிக்கு மேல் பேரியம் சல்பேற் கலந்த வெள்ளைப் பூச்சு, அதற்கு மேல் வெள்ளித் துகள்களைத் தாங்கிய ஜெலற்றின். பெரியம்மாவின் அல்பத்தில் இருந்த, விளிம்பு நெளிநெளியாக வெட்டிய சின்னப் படங்கள் இந்த வகை. சிலவற்றின் பின்னால் 'வெலொக்ஸ்' என்று மங்கலாக அச்சடித்திருந்தது. அது கோடாக்கின் தாள். 1960களின் இறுதிக்குப் பிறகு பிளாஸ்ரிக் பூசிய தாள் வந்தது. பின்பக்கத்தைத் தடவினால் வழுக்கும், கிழித்தால் கடதாசிபோல் நார் நாராகக் கிழியாது. எந்தத் தாள் என்று தெரிந்தால் படத்தின் காலமும் ஓரளவு பிடிபடும், எதைத் தாங்கும் எதைத் தாங்காது என்பதும் தெரியும்.

முதலில் எடுத்தது அப்பப்பா நிற்கும் குழுப்படம். 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு மாறிய காலத்தில், டொக்யார்ட்டில் வேலை செய்தவர்கள் சேர்ந்து எடுத்தது. நேரே பார்த்தால் நல்ல படம். கொஞ்சம் சரித்தால் கறுப்புக் கோட்டுகள் எல்லாம் நீல உலோகமாக மினுங்கின, ஓரங்களில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும். இதைப் பூஞ்சணம் என்று நினைத்துத் துணியால் துடைப்பவர்கள் உண்டு. துடைத்தால் கையோடு வருவது படத்தின் வெள்ளிதான். காற்றிலும் மலிவான அட்டையிலும் புதுப் பெயின்ற்றிலும் இருந்து வரும் வாயுக்கள் வெள்ளித் துகளை அரித்து அயனாக்க, அது ஜெலற்றினுக்குள் நகர்ந்து மேற்பரப்புக்கு வந்து மறுபடி உலோக வெள்ளியாகப் படிகிறது. கறுப்பான இடத்தில் வெள்ளி அதிகம் என்பதால் மினுக்கமும் அங்கேதான். காற்று ஓரத்தால் நுழைவதால் ஓரம் முதலில் கெடும்.

ஸ்கானரில் வைத்தால் இந்த மினுக்கம் அப்படியே சாம்பல் படலமாகப் பதிந்துவிடும். அதனால் கமராவால் எடுத்தேன். படத்தைத் தரையோடு தட்டையாக வைத்து, இரண்டு பக்கமும் 45 பாகை சாய்வில் எல்ஈடி விளக்குகள். விளக்குகளுக்கு முன்னால் முனைவாக்கித் தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படலம்), கமரா லென்ஸில் அதே வகை முனைவாக்கி வடிகட்டி. தாளை விலை கொடுத்து வாங்கவில்லை. உடைந்த எல்சிடி திரை ஒன்றின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் படலத்தை மெதுவாக உரித்து, இரண்டாக வெட்டி, இரண்டு விளக்குக்கும் ஒரே திசையில் பிடித்தேன். திசை மாறினால் ஒரு பக்க மினுக்கம் போகும், மறுபக்கம் நிற்கும். பிறகு லென்ஸ் வடிகட்டியை மெல்லத் திருப்பிக்கொண்டே வர, ஒரு இடத்தில் நீல மினுக்கம் முழுவதும் அணைந்து கோட்டுகளின் பொத்தான்கள் வரை தெரிந்தன. பின்வரிசையில் இருட்டாகத் தெரிந்த ஒருவர் கையில் தொப்பி வைத்திருக்கிறார் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. மென்பொருளில் ஒரு கோடுகூடத் தொடாமல் கிடைத்த பலன் இது.

அடுத்த படம் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது. கோணேசர் கோயில் கும்பாபிஷேகம் 1963இல் நடந்தபோது சுவாமி மலையில் குடும்பத்தோடு எடுத்த படம். முழுதும் மஞ்சட்பழுப்பு. வேட்டிகளின் மடிப்பு எல்லாம் போய் வெறும் மஞ்சள் தட்டையாக நிற்கிறது. மேல் மூலையில் தனியாக ஒரு கபிலக் கறை. பார்வைக்கு எல்லாம் ஒரே மஞ்சள்தான். காரணங்கள் இரண்டு, அதனால் மருந்தும் இரண்டு.

முழுப் படமும் மஞ்சளானதற்குக் காரணம் ஹைப்போ. படத்தை நிலைநிறுத்தப் போடும் இந்த உப்பைப் பிறகு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி எடுக்க வேண்டும். கடதாசித் தாளின் நார் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரு மணித்தியாலம் வரைகூடக் கழுவ வேண்டிவரும். கிணற்றில் அள்ளிக் கழுவ வேண்டிய ஒரு ஸ்டூடியோவில் அது எவ்வளவு பாடு என்று யோசித்தால் அவர்கள்மேல் குறை சொல்ல வாய் வராது. மிஞ்சிய ஹைப்போவில் இருந்து கந்தகம் பிரிந்து வெள்ளியை வெள்ளி சல்பைட்டாக மாற்றுகிறது; கறுப்பு மங்கி மஞ்சட்பழுப்பாகிறது. வெளிச்சமான இடங்களில் வெள்ளித் துகள் ஆரம்பத்திலேயே குறைவு, அதனால் வேட்டி மடிப்புகள்தான் முதலில் மறைகின்றன. மூலையில் உள்ள கறை வேறு கதை. அது வெளியில் இருந்து வந்த ஈரம், படத்தின் மேல் படிந்த நிறம்.

கறுப்பு வெள்ளைப் படத்தையும் நிறத்தில்தான் ஸ்கான் செய்ய வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தளங்களாகப் பிரிக்கலாம். மஞ்சள் நிறம் நீல ஒளியை விழுங்கும். ஆகவே மங்கி மஞ்சளாகிப்போன உருவம் நீலத் தளத்தில்தான் அழுத்தமாக நிற்கும். வேட்டி மடிப்புகள் அங்கே இன்னும் உயிரோடு இருந்தன, பெரியம்மாவின் காதுத் தோடும்கூட. அதே காரணத்தால் மூலைக் கறையும் நீலத் தளத்தில் கன்னங்கரேலென்று நிற்கும். சிவப்புத் தளத்தில் அது கிட்டத்தட்டக் காணாமல் போகும். எனவே முழுப் படத்துக்கும் நீலத் தளத்தை அடியாக வைத்து, கறை உள்ள மூலைக்கு மட்டும் சிவப்புத் தளத்தை ஒரு முகமூடி (மற்ற இடங்களை மறைக்கும் மென்பொருள் அடுக்கு) வழியாகச் சேர்த்து, இரண்டின் கருமையையும் சமப்படுத்தினேன். இப்படிச் செய்த பிறகு, ஒட்டுப்போடும் கருவிக்கு மிஞ்சியது தூசியும் சில கீறல்களும்தான். கறையின் மேல் பக்கத்து இடத்தைப் பிரதி எடுத்து ஒட்டியிருந்தால், அங்கே இருந்த கல்லும் கடலும் என் கைவேலையாகப் போயிருக்கும்.

அந்தப் படத்தின் கீழ் விளிம்பில் ஒரு பெருவிரல் அடையாளம் கபில நிறத்தில் இருக்கிறது. இருட்டறையில் ஹைப்போ பட்ட விரலோடு யாரோ பிடித்திருக்கிறார். அச்சடித்த அன்று அது கண்ணுக்குத் தெரிந்திருக்காது, காலம் போகப் போகத்தான் மேலே வந்திருக்கும். அதை நான் அழிக்கவில்லை. படத்தைச் செய்தவரின் கை அது.

பெரியப்பா பெரியம்மா கலியாணப் படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தது. கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் காற்று இல்லாமல் இறுக்கிச் சட்டம் போட்டதன் விளைவு. ஒட்டிய இடம் ஈரமான தீவுகள்போல மினுங்கும். இதைக் கத்தியால் நெம்பக்கூடாது. கண்ணாடியில் தங்குவது முகமாக இருக்கும். தண்ணீரில் ஊற வைத்தால் கழன்று வரும் என்று சொல்வார்கள். சில படங்களில் வரும்தான். ஆனால் இந்தப் படத்தில் சீலைக் கரைக்கும் உதட்டுக்கும் கையால் வர்ணம் தீட்டியிருக்கிறார்கள். நீர்வர்ணமாக இருந்தால் கரைந்து ஓடிவிடும். பூஞ்சணம் தின்ற ஜெலற்றினும் நீரில் கரையும். ஆகவே சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைத்து, கண்ணாடியோடே படமெடுத்தேன். ஸ்கானரில்தான் செய்வதென்றால், தட்டில் இருந்து சற்று விலகிய பொருளையும் கூர்மையாகப் பதியும் சிசிடி வகை வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் மெல்லிய ஸ்கானர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை. கண்ணாடித் தட்டோடு ஒட்டிய பொருளைத்தான் அவை கூர்மையாகப் பதியும், சட்டக் கண்ணாடியின் தடிப்புக்கே படம் கலங்கிவிடும். ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறது. கழற்ற வேண்டுமென்றால் அது பயிற்சி பெற்ற காப்பாளரின் மேசையில் நடக்க வேண்டிய வேலை.

1970களின் நிறப் படங்களைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. பாடசாலைப் படங்கள் எல்லாம் செக்கச்செவேலென்று மாறியிருந்தன. அந்தக் காலத்துத் தாள்களில் மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்தாலும் மங்கும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. நீலப்பச்சை போனால் மிஞ்சுவது சிவப்பு. நமக்கு வாய்ப்பாக, பாடசாலைச் சீருடை வெள்ளை. சீருடையை வெள்ளைக்கும் தலைமுடியைக் கறுப்புக்கும் அளவாக வைத்து, ஒவ்வொரு தளத்தின் கருமை வெண்மை எல்லைகளையும் தனித்தனியாக இழுத்தால் மூன்றில் இரண்டு பங்கு வேலை முடியும். ஒட்டும் அல்பத்தில் இருந்து இவற்றை எடுப்பதுதான் சிரமம். பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் விட்டு, அறுப்பதுபோல மெதுவாக இழுக்க வேண்டும். வராதவற்றை மேல் பிளாஸ்ரிக்கை மட்டும் நீக்கிவிட்டுப் பக்கத்தோடே ஸ்கான் செய்தேன்.

இனி மாமியின் பை. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது மாமி குடும்பம் நிலாவெளிப் பக்கம் இருந்தது. மாமாவை அன்று இழந்தார்கள். சேற்றுக்குள் இருந்து எடுத்த படங்களை மாமி வெயிலில் காயவைத்துப் பையில் போட்டார், பிறகு வெளியே எடுத்ததே இல்லை. அதில் மாமா தனியாக நிற்கும் நிறப் படம் ஒன்றுதான். சுற்றிவர வெள்ளை, உள்ளே வர மஞ்சள், இன்னும் உள்ளே சிவப்பு, நடுவில் மட்டும் இயல்பான நிறம்.

இந்த வரிசை தற்செயலானது இல்லை. நிறப்படத் தாளில் சாயங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மேலே நீலப்பச்சை, நடுவில் மெஜென்ரா என்ற கருஞ்சிவப்பு, அடியில் மஞ்சள். நீரில் ஊறிய ஜெலற்றினை நுண்ணுயிர்கள் ஓரத்திலிருந்தும் மேலிருந்தும் தின்னும். மேலடுக்கு மட்டும் போன இடம் சிவப்பாகத் தெரியும். இரண்டு அடுக்கும் போன இடம் மஞ்சள். மூன்றும் போனால் வெறும் தாள். அப்படியென்றால் சிவப்பான இடத்தில் இரண்டு அடுக்கு உருவம் இன்னும் இருக்கிறது, மஞ்சளான இடத்தில் ஒன்று இருக்கிறது, வெள்ளையில் எதுவும் இல்லை. இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்தப் படத்தை ஒரு கடல்வரைபடத்தைப் போல வாசிக்க முடிந்தது, எங்கே எவ்வளவு ஆழம் மிச்சம் என்று.

மாமாவின் முகத்தில் பாதி சிவப்புப் பகுதிக்குள் விழுந்திருந்தது. தளங்களைப் பிரித்தேன். சிவப்புத் தளத்தில் அந்தப் பாதி வெறுமை. பச்சைத் தளத்தைத் திறக்க, நெற்றி, புருவம், கன்னம் எல்லாம் ஒழுங்காக நின்றன. மெஜென்ரா அடுக்கு பச்சை ஒளியைத் தடுப்பதால் அங்கே உருவம் பத்திரமாக இருக்கிறது. அது மட்டுமல்ல, பச்சைத் தளத்தில் தோலின் விவரம் சிவப்பை விடக் கூர்மை. மாமாவின் நெற்றியில் சின்ன வயதில் விழுந்து வந்த தழும்பு தெளிவாக வந்தது. நாடி மஞ்சள் பகுதியில் இருந்தது. அதை நீலத் தளத்தில் இருந்து, புள்ளி புள்ளியாக இரைச்சலோடு, கோடு பிடிக்கும் அளவுக்கு எடுத்தேன். வலது காதும் தோளும் வெள்ளையில். அங்கே எதுவும் இல்லை.

மச்சானின் மகன் இதற்கு முன்பே அந்தப் படத்தைக் கைபேசியில் எடுத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் போட்டு மாமிக்குக் காட்டியிருந்தான். காது, தோள், நாடி எல்லாம் முழுமையாக, பளபளவென்று. மாமி பார்த்துவிட்டுச் சொன்னது: "ஆர் இது? வடிவாத்தான் இருக்கிறார். மாமா இல்ல." பிள்ளை பாசத்தில் செய்த வேலை, அவனைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அந்தச் செயலிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை வீட்டில் எல்லோருக்கும் விளக்கினேன். எண்ணற்ற முகங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள், தகவல் இல்லாத இடத்தில் பொருந்தக்கூடிய வேறொரு முகத்தை வரைகிறது. தழும்பை அது பழுது என்று எடுத்துக்கொண்டது. தூசியும் கீறலும் அழிக்க இத்தகைய கருவிகளை நானும் பயன்படுத்துவேன், பின்னணிச் சுவரில், வானத்தில். முகத்தில் விடமாட்டேன். நம்மிடம் மாமாவின் வேறு படம் இல்லை. இந்தப் படத்தில் பொய் சேர்ந்தால், அவரைப் பாராத பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பொய்தான் மாமாவாக இருக்கும்.

நான் கொடுத்தது கறுப்பு வெள்ளைப் பிரதி. நடு இயல்பு நிறத்தில் மிஞ்சியிருந்தாலும், முகத்தின் இரண்டு பாதியும் ஒன்றாக நிற்க வேண்டும் என்பதால் நிறத்தை விட்டேன். காதும் தோளும் இருந்த இடம் மெல்லிய சாம்பல் நிறமாக முடிகிறது, எதுவும் வரையவில்லை. கூடவே திருத்தாத ஸ்கானையும் அதே அளவில் அச்சடித்துக் கொடுத்தேன். மாமி முதலில் தழும்பைத்தான் தேடினார். "இருக்கு," என்றார். பிறகு கறுப்பு வெள்ளையை மாட்டச் சொன்னார், மற்றதை அலுமாரிக்குள் வைத்தார்.

2011 மார்ச்சில் ஜப்பானைச் சுனாமி தாக்கிய பிறகு, தன்னார்வலர்கள் சேற்றில் இருந்து படங்களைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து உரியவர்களிடம் சேர்த்தார்கள். ஃபியூஜிஃபில்ம் நிறுவனமும் அதற்கென்று ஒரு திட்டம் நடத்தியது. அந்த அறிவு நமக்கு ஒவ்வொரு மாரியிலும் வேண்டும். வெள்ளத்தில் நனைந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் காய விட்டால் கல்லாக ஒட்டிவிடும். சுத்தமான குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, முகத்தைத் தொடாமல், முகம் மேலே இருக்க நிழலில் பரப்ப வேண்டும். பூஞ்சணம் இரண்டு நாளுக்குள் தொடங்கும். அதற்குள் முடிக்க முடியாத அளவு என்றால் நடுவில் மெழுகுத்தாள் வைத்து ஐஸ் பெட்டியில் உறைய வைத்துவிட்டு, ஆறுதலாக ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

ஸ்கான் அளவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரணப் படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி, அடையாள அட்டைப் படம்போலச் சின்னதற்கு 1200. விவரம் இழக்காமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக, ஸ்கானரின் தானியங்கித் திருத்தம் எல்லாம் நிறுத்தி. பின்பக்கத்தையும் எடுங்கள். அங்கேதான் ஸ்டூடியோ முத்திரையும் அம்மம்மாவின் கையெழுத்தும் இருக்கும். கிழிந்த படத்துக்கு செலோரேப் வேண்டாம், அதன் பசை காலப்போக்கில் மஞ்சளாகி உள்ளே ஊறும். கோதுமை மாப்பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் பின்பக்கத்தில் போதும். வைக்கும் பெட்டி சீமெந்துத் தரையிலோ மழை அடிக்கும் வெளிச்சுவரோடோ இருக்கக்கூடாது. புதிதாகச் சட்டம் போடுபவரிடம், கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் தடித்த அட்டை விளிம்பு வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

மிச்சம் இருப்பது நெகட்டிவ் உறை. திறந்தவுடன் வினாகிரி மணம் வந்தது. அசற்றேற் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம் அது. வெளிவரும் அமிலம் அதே பிலிமை இன்னும் வேகமாக அரிக்கும், பக்கத்தில் உள்ளவற்றையும் தொற்றும், கடைசியில் பிலிம் சுருங்கி உருவம் வரிவரியாக எழும்பிவிடும். மணம் உள்ளவற்றைத் தனியாகப் பிரித்து, காற்றோட்டமான கடதாசி உறைகளில் போட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வரிசையில் வைத்திருக்கிறேன். அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டு நீக்கும் ஸ்கானர் வசதி இந்தக் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களுக்கு உதவாது, வெள்ளித் துகள் அகச்சிவப்பையும் மறைக்கும். தூசியைக் கையால்தான் எடுக்க வேண்டும். மழையோடு வாடைக்காற்று பிடிக்க முன் முடித்தாக வேண்டும்.